இருபத்தொன்பதாம் துணி

பிளஸ் ஒன் மாணவர்களின் தனித்திட்டத்துக்கு மேற்பார்வை ஆசிரியர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆறே கேள்விகள். மாணவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார், யாருடைய உதவியைப் பெற்றார், கண்டதை முழுமையாகப் பதிவு செய்தாரா, விதிமுறைகள் காக்கப்பட்டனவா, எத்தனை மதிப்பெண் தரலாம். ஒன்பது வருஷத்தில் ஐம்பத்தாறு அறிக்கைகள் எழுதியிருந்தேன். ஒரு மதிய இடைவேளையில் இரண்டை முடித்த நாளும் உண்டு. ஐம்பத்தேழாவது அறிக்கைக்கு மட்டும் இருபத்தாறு நாள் ஆனது. அது லிப்சாவுடையது.

லிப்சா பெஹரா திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரஞ்சனும் அம்மாவும் கல்யாணமான புதிதில் ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். வீட்டுக்குள் ஒடியா பேசுவாள். வாசலைத் தாண்டிவிட்டால் அவள் பேச்சைக் கேட்டு யாரும் வெளியூர் என்று சொல்ல முடியாது. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று ஒரு நொடி யோசிப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஜூன் மாதம் ஒரு கட்டைப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என் வேதியியல் ஆய்வகத்துக்கு வந்தாள். உள்ளே இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள். டிபன் கேரியர் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. முன்னால் ஒரு சின்னப் புனல்.

"இது மூக்குத்தானே?" என்றேன்.

திருப்பூரில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. அப்போதெல்லாம் எல்லா ஏற்றுமதிக் கம்பெனியிலும் ஒன்று இருந்தது. சாயம் போட்ட துணியைப் புனலுக்கு முன்னால் காட்டினால், மனித மூக்குக்கு எட்டாத ரசாயன வாசத்தையும் பிடித்துச் சொல்லிவிடும். கப்பலேற்றுவதற்கு முன் மூக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

"ஆமாங்க மிஸ். அம்மா செக்கிங் செக்‌ஷன்லதான் இருக்காங்க. கம்பெனியில புது மாடல் வந்துருச்சுன்னு இதைக் கழிச்சுக் கட்டிட்டாங்க. கேட்டேன், குடுத்துட்டாங்க. இதை மனுசங்களை மோந்து பார்க்கப் பழக்கப் போறேனுங்க."

"மனுசங்ககிட்ட எதைக் கண்டுபிடிக்க?"

"நடுக்குவாதத்தை."

உட்காரச் சொன்னேன். அவள் நின்றுகொண்டேதான் சொன்னாள். அவளுடைய அப்பா ரஞ்சன் பனியன் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். நாலு வருஷத்துக்கு முன் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. குடித்துவிட்டு வருகிறார் என்று சூப்பர்வைசர் வேலையை விட்டு நிறுத்தினார். அடுத்த கம்பெனியிலும் அதே கதை. மூன்றாவது இடத்தில் கேட்டிலேயே வாயை ஊதச் சொன்னார்களாம். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் நோயைக் கண்டுபிடித்தபோது இரண்டு வருஷம் ஓடியிருந்தது.

"எங்கப்பா ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்க மிஸ். அம்மாவே கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாங்க. அதைத்தான் அப்பாவால இன்னும் மறக்க முடியல."

"இதுல வாசம் எங்கிருந்து வந்தது?"

"அந்தக் கோயம்புத்தூர் டாக்டர் பெனாசிர் சொன்னாங்க. நோய் வெளியே தெரியறதுக்கு ஆறேழு வருசம் முன்னாலயே தோல்ல ஊறுற எண்ணெய்ப் பசை மாறிடுதாமா. வாசமும் மாறுது, ஆனா மனுச மூக்குக்குத் தெரியாதுன்னாங்க. மனுச மூக்குக்குத் தெரியாததை மோந்து பார்க்கத்தான் அம்மா கம்பெனியில மெஷின் இருக்கேன்னு தோணுச்சு. அவ்வளவுதான் மிஸ்."

அவ்வளவுதானாம்! அவள் சொன்னதை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது வேலை செய்யும் என்று அன்றைக்கு நான் நம்பவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை, கழித்துக்கட்டிய மெஷின். முயற்சி நல்லது, தோற்றாலும் கற்றுக்கொள்வாள் என்று நினைத்தேன். தோற்கப்போகிற வேலைதானே என்ற தைரியத்தில் விதிகளை மட்டும் கறாராகப் போட்டேன். நானே தட்டச்சு செய்த ஒப்புதல் தாள். துணியை அவரவரே அணிய வேண்டும். துணிக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது; அந்த எண்ணும் துணி கொடுத்தவருக்குத் தெரியாது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல், துணிகள் திரும்பி வந்த அன்றே எரிக்கப்படும். முடிவு எவருக்கும் தெரிவிக்கப்படாது.

"எவருக்குமா மிஸ்?" என்று கேட்டாள். "அவங்களுக்கே கூடவா?"

"அவங்களுக்கே கூட. நீ டாக்டர் இல்ல கண்ணு."

ஒரு நொடி யோசித்துத் தலையை ஆட்டினாள்.

ஐந்து மாதம் அந்தப் பெண் உழைத்ததை நான் பார்த்தேன். பனியன் கட்டிங்கில் மிஞ்சும் துணியை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொதிநீரில் அலசிக் காயவைப்பாள். அதைக் காலையில் குளித்ததும் கழுத்துக்குப் பின்னால், காலரின் உட்பக்கம் குத்திக்கொண்டு சாயங்காலம் வரை இருக்க வேண்டும். டாக்டர் பெனாசிர் உதவியோடு முப்பத்தோரு நோயாளிகளிடம் துணி வாங்கி வந்தாள். நோயில்லாதவர்கள் என்று மருத்துவமனை உறுதி செய்த முப்பது பேரிடமும் வாங்கினாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி மெஷினுக்குப் பழக்கினாள். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்தவர்களையெல்லாம் நோயாளி என்றது. பிறகு வெற்றிலை போடுபவர்களை. ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

நவம்பரில் கடைசிக் கட்டம். மெஷின் இதுவரை மோந்தே பார்க்காத ஆட்கள் வேண்டும். எங்கள் பள்ளியில் ஆசிரியர், அலுவலர், ஆயா எல்லாருமாக நாற்பத்து நான்கு பேர். ஒரு சனிக்கிழமை எல்லாருக்கும் கவரில் துணி கொடுத்தாள். ஞாயிறு முழுக்க வைத்திருந்து திங்களன்று நாற்பத்து நான்கு பேரும் திருப்பிக் கொடுத்தோம். அன்று மத்தியானம் சோதனைச்சாலைத் தொட்டியில், என் கண்முன்னால், பட்டியலைக் கொளுத்தினாள்.

ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்த மறுநாள் வந்தாள். கையில் நோட்டு.

"மிஸ், நாற்பத்து மூணு சும்மா இருக்கு. இருபத்தொன்பது மட்டும் பேசுது."

"தப்பா இருக்கும்."

"ஒவ்வொரு துணியையும் நாலு துண்டா நறுக்கி வச்சிருந்தேனுங்க. மூணு துண்டுல பார்த்தேன், மூணு தடவையும் அதே. நாலாவதை வச்சிருக்கேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா துணிக்கு எவ்வளவு காட்டுச்சோ, அதுல பாதி காட்டுது. ஆரம்பம்னு நினைக்கறேன்."

டாக்டர் பெனாசிருக்குப் போன் போட்டேன். நோட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். அரைமணி நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார்.

"மேடம், இதைச் சின்னப் பொண்ணு விளையாட்டுன்னு நினைக்காதீங்க. கணக்கு சுத்தமா இருக்கு. இப்ப மாசம் ஒரு ஊசி வந்திருக்கு. நடுக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால போட்டா, நோய் இருந்த இடத்துலயே நின்னுடுது. ஆரம்பிச்ச பிறகு போட்டா பிரயோஜனமே இல்ல. ரஞ்சனுக்கு என்னால அதைத்தான் போட முடியல. அந்த இருபத்தொன்பது யாரு?"

"தெரியாது டாக்டர். பட்டியலை எரிச்சாச்சு."

"எரிக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார். "ஆனா கஷ்டம்."

தலைமையாசிரியர் மயில்சாமி சார் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏனுங்க மேடம், அந்த ஒரு துணியை விட்டுட்டா என்ன? நாற்பத்து மூணு பேர்னு எழுதுங்க. புள்ளைக்குத் தொண்ணூத்தெட்டு போடுங்க, நூறு கூடப் போடுங்க. அது நிஜமாவே கெட்டிக்காரப் புள்ளை."

"நாலாவது கேள்வி இருக்குதுங்களே சார். கண்டதை முழுமையாப் பதிவு செஞ்சாளான்னு."

"நான் நம்ம ஆளுங்களுக்காகச் சொல்றேன். ஒருத்தருக்கு நோய்னு சொன்னீங்கன்னா நாளையில இருந்து நாற்பத்து நாலு பேரும் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. பாடம் யாரு நடத்தறது? அதுல நானும் ஒரு ஆளு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் லிப்சாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"விட முடியாதுங்க மிஸ்," என்றாள். இந்த முறை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கப்பாகிட்ட யாராச்சும் ஒருத்தர் முன்னாலயே சொல்லியிருந்தா இன்னிக்கு அவர் தையல் மெஷின்ல உட்கார்ந்திருப்பாரு. அந்த இருபத்தொன்பது யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஒரு வீடு இருக்குமில்ல?"

"யாருக்கும் சொல்ல மாட்டோம்னு கையெழுத்து வாங்கியிருக்கோமே."

"நம்ம சொல்ல வேண்டாம். அவங்களாத் தெரிஞ்சுக்கற மாதிரி பண்ணுவோம். எனக்கு அரைமணி நேரம் எல்லாருகிட்டயும் பேச அனுமதி வாங்கிக் குடுங்க."

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆசிரியர் கூட்டம். விஷயத்தை நானே எழுந்து சொன்னேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவர், "எங்கிருந்தோ வந்த புள்ளைக்கு நம்ம உடம்பு விளையாட்டுச் சாமானாப் போச்சு," என்றார்.

"அவ இந்த ஊர்லதான் பிறந்தா சார்," என்றேன். "துணியை வாங்கச் சொல்லி அனுமதி குடுத்தது நான். கோவம் இருந்தா என்மேல காட்டுங்க."

உடற்கல்வி ஆசிரியர் ஜெயசீலன், "எனக்குத் தெரியவே வேண்டாம். வந்தா வரட்டும்," என்றார். அலுவலகத்து மல்லிகா அக்கா, "எனக்குத் தெரிஞ்சாகணும். புருசன் இல்லாம ரெண்டு பொண்ணை வச்சிருக்கேன்," என்றார். இரண்டு பேருடைய குரலும் ஒரே மாதிரி உடைந்திருந்தது.

லிப்சா எழுந்தாள். தெரிய வேண்டியவர்கள் மட்டும் மறுபடி துணி கொடுத்து அவர்களில் யாருக்கும் இல்லையென்று ஆகிவிட்டால், கொடுக்காதவர்கள்மேல் எல்லார் கண்ணும் விழும் என்றாள். அதனால் எல்லாருமே கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தைக் கவர்மேல் போட்டுக்கொள்ளட்டும். பூவோ, மீனோ, கிறுக்கலோ, எதுவாக இருந்தாலும் சரி. அதே அடையாளத்தோடு முடிவு மூடிய கவரில் ஆய்வக மேசைக்கு வரும். ஒவ்வொருவராக உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம். பிரிக்கலாம், பிரிக்காமல் கிழித்தும் போடலாம்.

"நீங்க பிரிச்சீங்களா இல்லியான்னு எனக்குக் கூடத் தெரியாதுங்க சார்," என்று ஜெயசீலனைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் கையை நீட்டினார். "துணியைக் குடு," என்றார்.

அந்த ஞாயிறு நாற்பத்து நான்கு பேரும் மறுபடி துணி குத்திக்கொண்டோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை காலை பிரேயருக்கு முன்னால் லிப்சா கவர்களோடு வந்தாள்.

"எல்லாத்துலயும் ஒரே பதில்தான் மிஸ். யாருக்கும் இல்ல."

எனக்கு வந்த நிம்மதி அவள் முகத்தில் இல்லை. குழம்பியிருந்தாள்.

"மெஷின் தப்புப் பண்ணியிருக்கும்னு நினைச்சு, மிச்சம் வச்சிருந்த பழைய இருபத்தொன்பதோட நாலாவது துண்டை இன்னிக்கு வச்சுப் பார்த்தேன். அதே காட்டுது. மெஷின் மாறல மிஸ். அந்தத் துணியைக் குத்தியிருந்த ஆளு இந்தத் தடவை குத்திக்கல."

அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்று அவிநாசியில் என் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழா. புதுப் பட்டு ரவிக்கையில் அந்தத் துணிக்காக ஊசி குத்த மனம் வரவில்லை. என் கணவர் லோகநாதன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். துணியை அவர் காலருக்குள் குத்திவிட்டேன். என்னது இது என்று கேட்டார். ஸ்கூல் வேலை, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் என்றேன். சாயங்காலம் கழற்றிக் கவரில் போட்டு, நானே அணிந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒப்புதல் தாளின் முதல் விதியைத் தட்டச்சு செய்தவள் நான். அதை மீறியவளும் நான்.

லோகநாதன் பேட்டர்ன் மாஸ்டர். ஆடைக்கு முதல் வடிவம் வரைவது அவர் வேலை. கம்ப்யூட்டர் வரைந்து தள்ளுகிற காலத்திலும் கழுத்து வளைவை மட்டும் கையால் வரைய அவரைத்தான் தேடுவார்கள். ஸ்கேல் வைக்க மாட்டார். ஒரே இழுப்பு.

அன்று அவர் வேலை முடிந்து வந்து டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றார்.

"தெரியும்."

"நீ கேட்கவே இல்லியே கோகிலா. ஒரு பள்ளிக்கூடத்துக்கே கேட்டுக் கேட்டுக் கையெழுத்து வாங்குன. வீட்டுல இருக்கறவனைக் கேட்கல."

மூன்று நாள் அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சமாதானம் சொல்லிக்கொண்டு பின்னால் போகவில்லை. அவருக்கு அந்தக் கோபம் பாத்தியப்பட்டது. நாலாம் நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஊசி கையைக் காப்பாத்துமா?"

"நடுக்கம் வர்றதுக்கு முன்னால போட்டா காப்பாத்தும்னு டாக்டர் சொல்றாங்க."

"அப்பச் சரி. முதல்ல அந்தப் புள்ளகிட்ட ஒரு துணி வாங்கிட்டு வா. இந்தத் தடவை நானே குத்திக்கறேன்."

அன்று இடைவேளையில் லிப்சாவை ஆய்வகத்துக்கு அழைத்துச் சொன்னேன். ஓர் ஆசிரியை மாணவியிடம் சொல்வதற்குச் சுலபமான விஷயம் இல்லை அது. இருபத்தொன்பதாம் துணி என்னுடையது, ஆனால் அதை அணிந்தது என் கணவர், பொய்க் கையெழுத்துப் போட்டது நான் என்றேன்.

அவள் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்ப உங்களுக்கு இல்லீங்களா மிஸ்?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இருபத்தொன்பது நான்னு உனக்கு முதல்லயே தெரியுமா?"

"பேப்பரைத்தான் எரிச்சேன் மிஸ். எழுதுனது நான்தானே, மறந்துருமா? நாற்பத்து நாலு பேரும் ஞாபகம் இருக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். சொல்லாமலும் இருக்க முடியல. எங்கம்மாகிட்ட கூடச் சொல்லல. நீங்களே தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு வழி யோசிச்சு யோசிச்சுத்தான் அந்தக் கவர் ஐடியா வந்துச்சு. எல்லாரும் குடுத்தா நீங்களும் குடுப்பீங்க, உங்க கவரை நீங்க பிரிப்பீங்கன்னு நினைச்சேன்."

பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து அந்தப் பதினாறு வயதுப் பெண் என் முன்னால் உட்கார்ந்து, என் கைகளைப் பார்த்துக்கொண்டு, எனக்கு நோய் என்று நம்பியபடியே என்னிடம் பாடம் கேட்டிருக்கிறாள். எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அறிக்கையைப் பற்றிப் பேசினோம். ஐந்தாவது கேள்விக்கு நான் உண்மையை எழுதினால், மேற்பார்வையாளரே விதியை மீறிய திட்டம் என்று மாவட்டக் குழு முடிவுகளைத் தள்ளிவிடும். அவள் ஆசைப்பட்ட கல்லூரிக்கு, திட்ட மதிப்பெண் தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. அதை மறைக்காமல் சொன்னேன்.

"எழுதாம விட்டா?" என்றாள்.

"இருபத்தொன்பது ஒரு தப்பான அளவுன்னு ஆயிடும். உன் மெஷின் பொய் சொன்ன மாதிரி. உனக்கு மார்க் வந்துடும்."

"அது பொய் சொல்லல மிஸ்."

"இல்ல."

"அப்ப எழுதுங்க. நான் செஞ்சதையும் எழுதுங்க. பட்டியல் என் மனசுல இருந்துச்சுன்னு. அடுத்து யாராச்சும் இப்படிச் செஞ்சா பேர் எழுதற ஆளும் மெஷின்ல பார்க்கற ஆளும் வேற வேறயா இருக்கணும்னு தெரியட்டும்."

அவள் சொன்னதை அப்படியே சேர்த்தேன். மயில்சாமி சார் அறிக்கையைப் படித்துவிட்டு, "உங்க மேலயே நீங்க குற்றப்பத்திரிகை எழுதியிருக்கீங்க," என்றார். இருந்தாலும் எதையும் அடிக்காமல், தன் கையெழுத்தைத் தெளிவாகப் போட்டு அனுப்பி வைத்தார்.

லோகநாதனின் புதுத் துணியும் அதையேதான் சொன்னது. டாக்டர் பெனாசிர் எடுத்த ஸ்கேனும் ஒத்துக்கொண்டது. ஆரம்பக் கட்டம்தான். மார்ச் மாதம் முதல் ஊசி. மருத்துவமனை வராந்தாவில் லோகநாதன் ரஞ்சனை முதல்முறை சந்தித்தார். ரஞ்சனின் கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு," என்று ஆரம்பித்த என் கணவரால் அதற்கு மேல் பேச முடியவில்லை. ரஞ்சன், "பார்த்தாலே தெரியுதுங்க, நல்ல கை. பார்த்துக்கங்க," என்று மட்டும் சொன்னார். இப்போது ஏழு வருஷம் ஆகிறது. மாதாமாதம் ஊசி போகிறது. கழுத்து வளைவுக்கு இன்னும் அவரைத்தான் தேடுகிறார்கள்.

மே மாதம் மாவட்டக் குழு எங்களை நேரில் அழைத்தது. வெயில் கொளுத்திய ஒரு முற்பகல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மங்கையர்க்கரசி அம்மையார், ஐம்பது வயதைத் தாண்டியவர், கறாரானவர். ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி கேட்டார். நான் தவறை ஒப்புக்கொண்டேன். லிப்சா எழுந்து நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நொடி யோசித்து, பதில் சொன்னாள். முடிவு அங்கேயே வாசிக்கப்பட்டது. விதிமீறல் காரணமாகத் திட்டத்தின் முடிவுகளை ஏற்க இயலாது. மாணவிக்கு ஐம்பத்து நான்கு மதிப்பெண். மேற்பார்வை ஆசிரியை இரண்டு ஆண்டுகளுக்கு எந்தத் திட்டத்தையும் மேற்பார்வையிடக் கூடாது.

ஐம்பத்து நான்கு. லிப்சா, "சரிங்க மேடம்," என்றாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரி கிடைக்கவில்லை. பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூரில் கிடைத்த ஒன்றில் சேர்ந்தாள். இன்று டாக்டர் பெனாசிரின் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நோட்டுகளைப் பையில் அடுக்கினோம்.

மற்ற இரண்டு உறுப்பினர்களும் எழுந்து போனார்கள். மங்கையர்க்கரசி அம்மையார் பதிவுக் கருவியை அணைத்தார். போகவில்லை. நாங்கள் கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுதுங்க மேடம்."

"எங்கப்பா கடைசிப் பத்து வருஷம் கட்டிலோட இருந்தார். அவருக்கும் இதே நோய்தான்." அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "எனக்கு ஒரு துணி கிடைக்குமா? எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டு. போட்டுடறேன்."

லிப்சா பையிலிருந்து ஒப்புதல் தாளை எடுத்தாள். பழையதல்ல, அவளே திருத்தி எழுதிய புதிது, மூன்று பக்கம். அம்மையார் நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். லிப்சா தாளின்மேல் கையை வைத்தாள்.

"முழுசாப் படிச்சுட்டுப் போடுங்க மேடம். ரெண்டாவது பக்கத்துல, முடிவு தெரியணுமா வேண்டாமான்னு கேட்டிருக்கேன். அதை வீட்டுல பேசிட்டுச் சொன்னாலும் போதும். அவசரமில்ல."

அம்மையார் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். கைப்பையைத் திறந்து படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். நானும் லிப்சாவும் எதிரே இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.